தேர்தல் நடத்துவோரும் வோட்டளிப்போரும்
(கிராமச் சங்க அங்கத்தினர் கூட்டத்தில் கூட்டுறவு இன்ஸ்பெக்டர் ஒருவர் செய்த பிரசங்கம்)



சங்கக் கணக்குகளைத் தணிக்கை செய்வது என் உத்தியோகம். கணக்கை எழுதிய காரியதரிசிக்கு அதில் ஐயம் இராது. எழுதியதைக் காணாத அங்கத்தினருக்கோ ஐயம் எளிதில் உண்டாகும். தேர்தலிலும் அவ்வாறே. இதற்கு அமெரிக்க ஐக்கிய நாட்டின் அனுபவம் தக்க திருஷ்டாந்தமாகும்.

அந்நாட்டில் தேர்தலை மத்திய சர்க்கார் நடத்துவதில்லை. ஜில்லா, நகர உத்தியோகஸ்தர்களே வோட்டர் ஜாபிதாவைப் பேணிச் சீட்டுகளை எண்ணுகின்றனர். ஒவ்வொரு சீட்டும் எக்கை மாறி எங்கே வந்தது என்பதை அவர்கள் அறிவர். ஆகவே, தேர்தல் ஒழுங்காக நடைபெற்றது என்பதே அவர்களுள் மிகப் பெரும்பாலோரின் அபிப்பிராயம்.

பொதுஜன அபிப்பிராயம் அவ்வாறு நிலையாக நிற்பதன்று. 2020-ஆம் வருஷத் தேர்தலுக்குப் பின் பியூ ஆராய்ச்சி நிலையத்தார் விசாரித்தபோது, தேர்தல் நன்கு நடந்ததென்று வோட்டர்களில் 100-க்கு 59 பேரே கூறினர். 2024-இல் 88 பேர் கூறினர். டிரம்ப் அவர்களுக்கு வோட்டளித்தோரில், அவர் தோற்ற 2020-இல் அவ்வாறு கூறியோர் 100-க்கு 21 பேர். அவர் வென்ற 2024-இல் 93 பேர். உத்தியோகஸ்தர் முறையைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்லுகிறார். ஜனங்களிற் பலர் முடிவைப் பார்த்துச் சொல்லுகின்றனர்.

இதன் பலன் என்ன? 2020-க்குப் பின் உத்தியோகஸ்தர் பலருக்குப் பயமுறுத்தல்கள் வந்தன. அநேகர் வேலையை விட்டு விலகினர். அநுபவசாலிகள் விலகினால் அடுத்த தேர்தலில் பிழைகள் மலியுமன்றோ?

எனினும், ஐயுறுவோரை அறிவிலிகளென ஒதுக்குவதும் தகாது. ஜார்ஜியா மாகாணத்தில் அவ்வருஷம் சுமார் 50 லட்சம் சீட்டுகளைக் கையினாலேயே மறுபடி எண்ணினர். சில ஜில்லாக்களில் முன்பு எண்ணாது விட்ட சீட்டுகள் அகப்பட்டன. அதை மறைக்காமல் வெளியிட்டு, அவற்றையும் கணக்கிற் சேர்த்தனர். பைடன் அவர்களின் வெற்றி மாறவில்லை. இறுதி வித்தியாசம் 11,779 வோட்டுகள். "எங்களை நம்புங்கள்" என்று ஆயிரம் முறை கூறுவதினும், இவ்வாறு பிழையை ஒப்புக்கொண்டு திருத்துவதே மேலான சாட்சியம்.

ஆதலால், அங்கத்தினர்களே, நமது சங்கத் தேர்தலில் எண்ணுவதை உடனிருந்து பார்க்க ஒருவர் விரும்பினால் அவரைப் பகைவராக எண்ணாதீர்கள். பார்த்தவரும், தம் பக்கம் தோற்றதென்ற ஒரே காரணத்தால் எண்ணினவரைப் பழிக்கலாகாது. இவ்விரு கடமைகளையும் மனத்திற்கொள்ளுமாறு வேண்டி என் பிரசங்கத்தை முடித்துக்கொள்கிறேன்.