மருந்தின் பெயரை எழுதுங்கள்!



மருதமுனையில் தறி நெய்யும் ஓர் ஏழைத்தாய், தன் வாப்பாவின் பிரஷருக்கு டொக்டர் எழுதிக் கொடுத்த துண்டோடு கல்முனைப் பாமசிகளில் ஏறி இறங்கி, அதே மருந்து வேறு பெயரில் மலிவாகக் கிடைத்தும், டொக்டர் எழுதியதை மாற்றலாகாதென்று அஞ்சி, அடுப்பெரிக்க வைத்திருந்த காசையும் கொடுத்துத் துண்டிலிருந்த கம்பனியின் சரக்கையே வாங்கிப் போனதைக் கண்டபின் நான் எவ்வாறு மௌனம் சாதிப்பேன்?

மருந்தின் பெயரை எழுதுங்கள். கம்பனியின் பெயரை எழுதாதீர்கள்!

இலங்கையில் வைத்தியர்கள் எக்காலமும் கம்பனிகளுக்குக் கைகட்டி நின்றவர்களல்லர். மருந்தியல் பேராசிரியர் சேனக பிபிலே, வைத்தியர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவோடு சேர்ந்து 1971இல் அளித்த அறிக்கையிலிருந்தே அரச மருந்துக் கூட்டுத்தாபனம் பிறந்தது. கொலரா பரவிய காலத்தில், கூட்டுத்தாபனம் வாங்கிக் கொடுத்த மூலப்பொருளைக் கொண்டு டெட்ராசைக்ளின் மருந்து செய்து தரும்படி கேட்டபோது பைசர் கம்பனி மறுத்தது! ஜனங்கள் சாகட்டும், இலாபம் வாழட்டும் என்ற அந்த அகங்காரத்தை எதிர்த்து நின்ற பிபிலேயும் ஒரு வைத்தியரே என்பதை இன்றைய வைத்தியர்களுக்கு யார் ஞாபகப்படுத்துவது?

இன்றோ, நோயாளிகள் வெயிலில் காத்து நிற்க, கழுத்துப்பட்டி கட்டிய கம்பனிப் பிரதிநிதி வரிசையின்றி உள்ளே நுழைகிறார். அவருக்கு என்ன வருத்தம் என்று விசாரித்தேன். மாதக் கடைசியாகியும் விற்பனை இலக்கு எட்டவில்லை என்ற வருத்தமாம்!

கம்பனி விருந்து வைக்காவிட்டால் வைத்தியருக்கு அறிவு வளராது, கம்பனி முத்திரை இல்லாவிட்டால் மருந்துக்குத் தரம் இராது என்கிறார்கள் எதிர்த்தரப்பார். தரத்தைப் பரிசோதிப்பது அரசின் கடமை. அதற்கு ஏழையின் அடுப்பை ஏன் அணைக்கிறீர்கள்? விருந்துண்ட கை எழுதும் துண்டில் யாருடைய நன்மை இருக்கும்? நோயாளி நம்பி ஒப்படைத்த அமானிதமல்லவா அந்தப் பேனா? அதை ஹோட்டல் சாப்பாட்டுக்கும் விமானச் சீட்டுக்கும் விற்பவர் எவ்வளவு பெரிய பட்டம் பெற்றிருந்தாலும் அமானிதத்துக்கு மோசம் செய்தவரே!

மருந்தின் பொதுப்பெயரைத் தெளிவாக எழுத வேண்டுமென்று 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமே விதிக்கிறது. ஆகவே தாய்மாரே, நாளை துண்டை வாங்குமுன், “டொக்டர், மருந்தின் பெயரை எழுதித் தாருங்கள்” என்று தயங்காமல் கேளுங்கள். எழுத மறுப்பவர் எவராயினும் எனக்கு அறிவியுங்கள்; அவருடைய பெயரை அடுத்த கூட்டத்தில் இதே மேடையில் நின்று நான் சொல்வேன்!