எழுதட்டும் நம்ம பிள்ளைகள்!

(பட்டிமன்றத் தலைப்பு: ‘ஐ.ஐ.டி.க்கு விண்ணப்பிப்பது நம் பிள்ளைகளுக்குப் பயனா, வீணா?’ ‘பயனே’ என்ற அணியில் நின்று பேசியது.)

குழந்தைகளை மடியில் வைத்துக்கொண்டு இந்த நேரத்திலும் உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, இன்றைக்குப் பேச்சே உங்கள் மடியில் இருக்கிற பிள்ளையைப் பற்றித்தான்.

எதிரணித் தலைவர் பேசினார். பேசியது முழுக்க ஒரே கணக்கு. பதினான்கு லட்சம் பேர் எழுதுகிறார்கள், பதினேழாயிரம் இடம்தான் இருக்கிறது, உன் பிள்ளைக்கு எங்கே கிடைக்கப்போகிறது? திருப்பித் திருப்பி இதையே சொல்லிக் கைதட்டலும் வாங்கிவிட்டார். ஐயா, அந்தக் கணக்கு எங்களுக்கும் தெரியும். 2024-இல் ஐ.ஐ.டி.கள் 23-க்கும் சேர்த்து 17,740 இடம். கணக்கு சரி. அந்தக் கணக்கை யாரிடம் போய்ச் சொல்கிறீர்கள் என்பதுதான் என் கேள்வி.

ஆறாம் வகுப்பிலேயே ஃபவுண்டேஷன் கோர்ஸில் சேர்த்துவிட்டு, லட்சக்கணக்கில் ஃபீஸ் கட்டி, காரில் கொண்டுபோய் இறக்கிவிடுகிற அப்பாவிடம் போய் “இடம் கம்மிங்க, பிள்ளையை எழுத வைக்காதீங்க” என்று சொல்கிறீர்களா? சொல்ல மாட்டீர்கள். சொன்னால் அவர் சிரிப்பார். இந்தக் கணக்கு எப்போதும் யாரிடம் சொல்லப்படுகிறது? மளிகைக் கடைக்காரர் மகளிடம். கட்டட வேலைக்குப் போகிறவர் மகனிடம். தமிழ் வழியில் பிளஸ் டூ படிக்கிற பிள்ளையிடம். “உனக்கெதுக்குப்பா இதெல்லாம்?” இந்த நாட்டில் கேள்வித்தாள் கஷ்டமாக இருந்து தோற்ற பிள்ளைகளைவிட, இந்த ஒரு கேள்வியைக் கேட்டுவிட்டு ஃபார்மே போடாமல் வீட்டுக்குப் போன பிள்ளைகள்தான் அதிகம் என்று நான் நம்புகிறேன். மார்க் வாங்காமல் போனால் அது தேர்வு. எழுதவே விடாமல் போனால் அது அநியாயம்!

செலவைப் பற்றி எதிரணியில் ஓர் அம்மா கண்ணீர் வராத குறையாகப் பேசினார். அம்மா, நீங்கள் சொன்னது கோச்சிங் செலவு. நாம் பேசுவது விண்ணப்பம். ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வின் முதல் கட்டமான ஜே.இ.இ. மெயினுக்கு 2024-இல் பொதுப் பிரிவு மாணவன் கட்டியது ஆயிரம் ரூபாய். எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கு ஐந்நூறு. அதைத் தாண்டி இரண்டாம் கட்டமான அட்வான்ஸ்டுக்குப் போனால் 3,200. பெண் பிள்ளைகளுக்கும் எஸ்.சி., எஸ்.டி. பிள்ளைகளுக்கும் 1,600. இதுதான் விண்ணப்பத்தின் விலை. இடம் கிடைத்த பிறகு? ஆண்டுக்கு 2 லட்சம் என்று 2016-இல் ஏற்றினார்கள், உண்மை. ஏற்றும்போதே எஸ்.சி., எஸ்.டி. மாணவர்களுக்கும், குடும்ப வருமானம் ஒரு லட்சத்துக்குக் கீழே இருப்பவர்களுக்கும் கல்விக் கட்டணம் முழுக்க விலக்கு என்று வைத்தார்கள். ஐந்து லட்சம் வரை இருந்தால் மூன்றில் இரண்டு பங்கு விலக்கு. நம் தமிழ்நாட்டிலோ, ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்து ஐ.ஐ.டி.யில் சேருகிற பிள்ளையின் படிப்புச் செலவை அரசே ஏற்கும் என்று 2022-இல் அறிவித்தார்கள். இதையெல்லாம் எதிரணி ஏன் சொல்லவில்லை? சொன்னால் அவர்கள் வாதத்தில் பாதி போய்விடும். நான் சொல்லிவிட்டேன், போய்விட்டது.

லாட்டரிச் சீட்டு மாதிரி என்றார் அவர்கள் அணியின் இளைஞர். தம்பி, விழாத லாட்டரிச் சீட்டை என்ன செய்வாய்? கிழித்துப் போடுவாய். ஜே.இ.இ.க்கு இரண்டு வருடம் உட்கார்ந்து கணக்குப் போட்ட பிள்ளையின் மூளையைக் கிழித்துப் போட முடியுமா? அந்தக் கால்குலஸ் அங்கேயேதான் இருக்கும். அதுவும் நம் ஊரில் அந்தப் பிள்ளைக்கு இருக்கிற வசதி இந்தியாவில் எத்தனை பிள்ளைக்கு இருக்கிறது? 2007-இலிருந்து தமிழ்நாட்டில் பொறியியலுக்கு மாநில நுழைவுத் தேர்வு கிடையாது. பிளஸ் டூ மதிப்பெண்தான், கவுன்சலிங்தான். ஜே.இ.இ.யில் பூச்சியமே வாங்கினாலும் அண்ணா பல்கலைக்கழகத்துக் கதவு ஓர் அங்குலம்கூட மூடாது. 1794-இல் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கிய கிண்டிப் பொறியியல் கல்லூரி அங்கேயே நிற்கிறது. இந்தப் பக்கம் இவ்வளவு பெரிய வலையைக் கட்டி வைத்துக்கொண்டு, கயிற்றில் ஏறாதே என்று பிள்ளையைப் பிடித்து இழுக்கிறவர்களை நான் என்னவென்று சொல்வது!

மெயின் மதிப்பெண் ஐ.ஐ.டி.யோடு முடிவதில்லை என்பதையும் எதிரணி மறைத்துவிட்டது. அதே மதிப்பெண்ணை வைத்துச் சேர்க்கிற என்.ஐ.டி. நாட்டில் 31 இருக்கிறது. திருச்சி என்.ஐ.டி.யில் பாதி இடம் இந்த மாநிலத்துப் பிள்ளைகளுக்கு. 1964-இல் தொடங்கிய அந்தக் கல்லூரிக்குள் 2024-இல் திருச்சி மாவட்டத்துப் பழங்குடிப் பெண் பிள்ளைகள் ஜே.இ.இ. எழுதி நுழைந்தார்கள். அதே மாவட்டம் ஐயா! தலைமுறை தலைமுறையாகப் பேருந்து ஜன்னல் வழியாக மட்டும் பார்த்த கட்டடம். “உனக்கெதுக்குப்பா” என்று ஒருவர் சொல்லியிருந்தால், அந்தப் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டிருந்தால், இன்னும் ஜன்னல் வழியாகத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

நடுவர் அவர்களே, ஒரே ஒரு பையனைப் பற்றிச் சொல்கிறேன். கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்வேன், மணியை அடித்துவிடாதீர்கள்.

உத்தரப் பிரதேசத்தில் ஒரு கிராமம். தலித் குடும்பம். அப்பா தினக்கூலி. பையன் 2024-இல் ஜே.இ.இ. அட்வான்ஸ்டு எழுதுகிறான். இரண்டு முறைதான் எழுதலாம். அவனுக்கு அது கடைசி முறை. தேறிவிட்டான். ஜார்க்கண்டில் தன்பாத் ஐ.ஐ.டி.யில் எலெக்ட்ரிக்கல் கிடைத்துவிட்டது. இடத்தை உறுதி செய்யக் கட்ட வேண்டிய பணம் 17,500 ரூபாய். ஜூன் 24, மாலை ஐந்து மணி கெடு. தினக்கூலி வீட்டில் ஏது பதினேழாயிரத்து ஐந்நூறு? ஊர்க்காரர்களிடம் வாங்கிச் சேர்த்தார்கள். சேர்த்து முடிக்கும்போது கெடுவுக்கு இன்னும் சில நிமிடம்தான் பாக்கி. கணினி முன்னால் உட்கார்ந்து விவரங்களைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே ஐந்து மணி அடித்துவிட்டது. இணையதளம் மூடிவிட்டது. இடம் போய்விட்டது.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? “நமக்குக் கொடுத்து வைக்கவில்லை” என்று அழுதுவிட்டுப் படுத்துக்கொள்வோம். அந்தப் பையன் படுக்கவில்லை. தாழ்த்தப்பட்டோர் ஆணையத்துக்கு எழுதினான். ஜார்க்கண்டு சட்ட உதவி மையத்துக்குப் போனான். அந்த வருடம் தேர்வை நடத்தியது நம் சென்னை ஐ.ஐ.டி. என்பதால் மெட்ராஸ் உயர் நீதிமன்றத்துப் படியும் ஏறினான். எங்கேயோ வட இந்தியக் கிராமத்துக் கூலிக்காரர் மகன், பாஷை தெரியாத நம் ஊருக்கு நியாயம் கேட்டு வந்தான் ஐயா! கடைசியில் உச்ச நீதிமன்றம். 2024 செப்டம்பர் 30. தலைமை நீதிபதி சந்திரசூட் அமர்வு. இப்படி ஒரு திறமையான பிள்ளையைக் கைவிட முடியாது என்று சொல்லி, அரசியல் சாசனத்தின் 142-ஆவது பிரிவைப் பயன்படுத்தி, யார் இடத்தையும் பறிக்காமல் கூடுதலாக ஓர் இடம் உண்டாக்கி அவனைச் சேர்க்கச் சொன்னார்கள்.

எதிரணித் தலைவரே, “விண்ணப்பிப்பது வீண்” என்ற உங்கள் தலைப்பை எடுத்துக்கொண்டு தன்பாத்துக்கு ரயில் ஏறுங்கள். அந்தப் பையனிடம் சொல்லிப் பாருங்கள். ஒரு இடத்தின் மதிப்பு இருக்கிறவனுக்குத் தெரியாது, இல்லாதவனுக்குத்தான் தெரியும். நம் நாட்டு உச்ச நீதிமன்றமே மதித்த ஒரு விண்ணப்பத்தை, இந்த மேடையில் ஏறி வீண் என்று சொல்ல நமக்கு யார் உரிமை கொடுத்தார்கள்?

ராஜஸ்தானின் கோச்சிங் நகரமான கோட்டாவில் பிள்ளைகள் தற்கொலை செய்துகொண்டதைச் சொன்னார்கள். அதைச் சொல்லும்போது அரங்கமே அமைதியானது. எனக்கும் தொண்டை அடைத்தது. அந்தப் பிள்ளைகளின் சாவு பட்டிமன்றத்தில் மதிப்பெண் வாங்குகிற சங்கதி இல்லை. ஆனால் ஒன்று கேட்கிறேன். அந்தப் பிள்ளைகளை நசுக்கியது விண்ணப்பமா? பதினான்கு வயதில் வீட்டைவிட்டுப் பிரித்து, அறையில் அடைத்து, வாராவாரம் தேர்வு வைத்து, தர வரிசையைச் சுவரில் ஒட்டி, “கடன் வாங்கிக் கட்டியிருக்கேன்டா” என்று ஃபோனில் சொல்லிச் சொல்லி நசுக்கிய வியாபாரம் அது. பதினாறு வயதுக்குக் கீழே யாரையும் கோச்சிங் நிலையத்தில் சேர்க்கக்கூடாது என்று 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகமே வழிகாட்டுதல் வெளியிட வேண்டி வந்தது. அந்த வியாபாரத்தை மூடச் சொல்லுங்கள், உங்கள் பக்கம் வந்து உட்காருகிறேன். அதை விட்டுவிட்டு, ஏழைப் பிள்ளை எழுதாதே என்று சொன்னால் என்ன ஆகும்? கோச்சிங் நிலையம் மூடாது. இடம் குறையாது. உள்ளே போகிறவன் மட்டும் காசு கட்டியவனாக இருப்பான்.

அப்பா, அம்மா எல்லாருக்கும் சொல்கிறேன்: எழுத வையுங்கள், கிடைத்தே ஆக வேண்டும் என்று மட்டும் சொல்லாதீர்கள். கிடைக்காவிட்டாலும் சோறு போடுவோம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

முடிக்கப் போகிறேன். சென்னை ஐ.ஐ.டி. 1959-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியோடு தொடங்கியது. கிண்டிக் காட்டில் இடம் கொடுத்தது இந்த மாநிலம். நடக்கிறது நம் வரிப்பணத்தில். அதன் வாசலில் நின்று உள்ளே வரலாமா என்று கேட்பதே தப்பு என்கிறீர்களா? ஜே.இ.இ. மெயின் 2021-இலிருந்து தமிழ் உட்பட 13 மொழிகளில் நடக்கிறது. ஆனால் அட்வான்ஸ்டு? ஆங்கிலம், இந்தி, அவ்வளவுதான்! முதல் படியில் தமிழ் உண்டு, இரண்டாம் படியில் இல்லை. இதை யார் தட்டிக் கேட்பது? எழுதாமல் வீட்டில் இருக்கிறவன் கேட்டால் உனக்கென்னப்பா என்பார்கள். ஆயிரக்கணக்கில் தமிழ் வழிப் பிள்ளைகள் மெயினைத் தாண்டிப் போய் அந்தக் கதவுக்கு முன்னால் நின்று, எங்கே என் மொழியில் கேள்வித்தாள் என்று கேட்க வேண்டும். அப்படிக் கேட்பதற்காகவாவது எழுத வேண்டும்!

நடுவர் அவர்களே, இந்த அரங்கத்தில் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். நீங்கள் வீண் என்று தீர்ப்புச் சொன்னால், நாளைக் காலையில் அந்தத் தீர்ப்பு எந்தப் பணக்கார வீட்டுக்கும் போகாது. இந்தப் பிள்ளைகள் வீட்டுக்குத்தான் போகும். மெயின் தேர்வு ஜனவரியில் ஒருமுறை, ஏப்ரலில் ஒருமுறை. அடுத்த வருடம் அந்த ஃபாரத்தில் இவர்கள் பெயரும் இருக்க வேண்டும். விண்ணப்பிப்பது பயனே என்று தீர்ப்பளிக்கும்படி உங்களைக் கேட்டு அமர்கிறேன்.