குழம்பு என்னும் சொல்
(உறுப்பினர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

வெளியூர்களில் வளரும் நம் குழந்தைகள் பலர், சாதத்தில் விட்டுக்கொள்வதையெல்லாம் 'சாம்பார்' என்றே சொல்கிறார்கள். ஆகவே 'குழம்பு' பற்றி இரண்டு வார்த்தை.

கலங்குதல், ஒன்றோடொன்று கலத்தல் என்று பொருள்படும் 'குழம்பு' என்ற வினையே பெயராகவும் நிற்கிறது. நீரும் பொருளும் பிரிந்து நில்லாமல் சேர்ந்து கெட்டிப்பட்டது குழம்பு. சந்தனக் குழம்பு, எரிமலைக் குழம்பு என்பதும் இதனால்தான். கேரளத்தில் குழம்பு என்றால் உடம்பில் தேய்க்கும் மருந்துத் தைலம். பாலக்காட்டு அன்பர்கள் அறிவார்கள்.

கன்னடத்தில் 'ஹுளி', தெலுங்கில் 'புலுசு' என்பவை புளிப்பை வைத்து வந்த பெயர்கள். நாம் பதத்தை வைத்துப் பெயரிட்டோம். அதனால்தான் புளியே கரைக்காத பொரித்த குழம்பும் மோர்க்குழம்பும்கூடக் குழம்பு. தெளிவாக இறுத்து விடுவது ரசம். வைஷ்ணவர் அகத்தில் சாத்தமுது.

பருப்பே போடாத வற்றல் குழம்பையும் 'சாம்பார்' என்று சொல்லிப் பழகினால், இந்த வித்தியாசங்கள் ஒரு தலைமுறையில் மறந்துவிடும். பெயர் போனால் பக்குவமும் போகும். பேரக்குழந்தைகளுக்குப் பரிமாறும்போது பெயரையும் சேர்த்துப் பரிமாறுங்கள்.