கல்லும் பெயரும்

(டாக்குரியாவில் நடைபெற்ற நம் சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இசையும் நாடகமும் கண்டு களிக்க வந்திருக்கும் உங்கள்முன், யாம் கல்லறைகளைப் பற்றிப் பேச வந்து நிற்கின்றோம். விழா நாளில் இடுகாட்டுப் பேச்சு எதற்கு என்று சிலர் எண்ணக்கூடும். எனினும், பிறந்த மண்ணை விட்டு வந்து வாழும் மக்களுக்குத் தம் முன்னோர் எங்கே பிறந்தனர், எங்கே மண்ணாயினர் என்பதைவிட அணுக்கமான செய்தி வேறொன்று உண்டோ? ஆதலின் சற்றுப் பொறுமையோடு கேட்டருளுமாறு வேண்டுகின்றோம்.

இந்த டாக்குரியாவிலே புதிதாகக் குடிவரும் எவரிடத்தும் வங்காளத்து அண்டை வீட்டார் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "தேஷேர் பாடி கொத்தாய்?" என்பர். "உம் முன்னோர் ஊரில் வீடு எங்கே?" என்பது அதன் பொருள். அவ்வாறு கேட்பவருள் பலர்தம் வீடு பத்மா ஆற்றுக்கு அப்பால் இருந்தது. 1947 ஆம் ஆண்டுப் பிரிவினையில் டாக்காவையும் பரிசாலையும் விட்டுக் கையிற் கிடைத்ததை எடுத்துக்கொண்டு இங்கு வந்து, ஜாதவ்பூர், டாக்குரியாப் பகுதிகளிலே குடியிருப்புகள் அமைத்துக்கொண்ட மக்கள் அவர்கள். முன்னோர் மனையைப் "பிட்டே" என்று சொல்லும்போதே அவர்தம் குரல் தழுதழுக்கும். கண்ணாற் காணாத அவ்வூரின் பெயரை அவர்தம் பேரப்பிள்ளைகளும் சொல்வார்கள். அதே கேள்வியை நம் பிள்ளைகளிடம் கேட்டால், "தஞ்சாவூர்ப் பக்கம்" என்றும், "திருநெல்வேலி மாவட்டம்" என்றும் சொல்லி நின்றுவிடுகின்றனர். பாட்டனார்க்குத் தந்தையார் பெயர் யாதெனின், விழித்து நிற்கின்றனர். குற்றம் பிள்ளைகளுடையதன்று, சொல்லாத நம்முடையதே.

பெயரைக் காப்பதில் தமிழர் பின்னடைந்தவர் அல்லர். போரில் வீழ்ந்த வீரனுக்குக் கல் நடும் முறையைத் தொல்காப்பியம் கூறுகின்றது. கல்லைத் தேர்ந்து காண்பது தொடங்கி, நீராட்டி, நட்டு, வழிபட்டு வாழ்த்துவது ஈறாக அதற்குப் படிகள் பல உண்டு. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் 2006 ஆம் ஆண்டில் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தார் கண்டெடுத்த நடுகற்கள் இரண்டாயிரம் ஆண்டுகட்கும் மேற்பட்ட பழமையுடையன. அவற்றுள் ஒன்று, ஆநிரை கவரும் பூசலில் பட்ட தீயன் அந்தவன் என்பானுடையது. அவன் அரசனும் அல்லன், புலவனும் அல்லன்; ஓர் ஊரின் வீரன். ஆயினும் இன்று நாம் அவன் பெயரைச் சொல்கின்றோம். காரணம், அவன் ஊரார் ஒரு கல்லை நட்டு அதில் அவன் பெயரைப் பொறித்தனர் என்பதே.

அத்தகைய மரபில் வந்த மக்களே, பின்னாளில் பெயரின்றிப் புதைக்கப்படும் நிலையை அடைந்தனர். 1860 ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் "ட்ரூரோ" என்னும் கப்பல் ஏறத்தாழ 340 பேரை ஏற்றிக்கொண்டு சென்னைத் துறைமுகத்தினின்றும் புறப்பட்டு, நவம்பர் 16 ஆம் நாள் தென்னாப்பிரிக்காவின் டர்பனை அடைந்தது. பத்து நாள் கழித்து இதே கொல்கத்தாவினின்று சென்ற "பெல்வெடியர்" என்னும் கப்பலும் அங்கே சேர்ந்தது. அன்று முதல் 1911 ஆம் ஆண்டு வரை நேட்டால் நாட்டுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டு செல்லப்பட்டோர் 1,52,184 பேர் என்று கணக்கிடுவர். அவருள் பெரும்பகுதியினர் சென்னை வழியே சென்ற தமிழரும் தெலுங்கருமே ஆவர்.

கப்பலேறிய ஒவ்வொருவர்க்கும் எண் ஒன்று கொடுக்கப்பட்டது. அவ்வெண்ணே தோட்டத்தில் அவர்க்குப் பெயராயிற்று. எழுத்தரோ தம் காதில் விழுந்தவாறு பெயரை எழுதினர். முதலியார் "மூட்லி" ஆனார்; கவுண்டர் "கவெண்டர்" ஆனார்; முனுசாமி "மன்சாமி" ஆனார். கரும்புத் தோட்டத்து ஓரங்களில் புதைக்கப்பெற்றோர் பலர். தலைமாட்டில் நட்ட மரக்குச்சி ஒரு மழைக்காலத்தைத் தாங்கியதோ, இரண்டைத் தாங்கியதோ! பின்பு அதன்மேல் புல் முளைத்தது.

இதில் வியப்பொன்று உண்டு. எந்த எண் அவர்தம் பெயரை விழுங்கிற்றோ, அந்த எண்ணே இன்று பெயரை மீட்டுத் தருகின்றது. கப்பற் பதிவேடுகளில் எண்ணோடு தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர் ஆகியவையும் எழுதப்பட்டன. ஆளைப் பிடித்து வைத்தற்கு எழுதிய கணக்கு அது, அன்பினால் எழுதியதன்று. எனினும் அவை டர்பன் நகரத்து ஆவணக் காப்பகங்களில் அழியாது நிற்கின்றன. நான்காம் ஐந்தாம் தலைமுறையினர் பழைய திருமணப் பதிவையோ இறப்புச் சான்றையோ தேடி எடுக்கின்றனர். அதில் உள்ள எண்ணைக் கொண்டு கப்பற் பட்டியலுக்குச் செல்கின்றனர். பட்டியலில் உள்ள ஊரைக் கொண்டு தமிழ்நாட்டிற்கு வருகின்றனர். சிதைந்த எழுத்துக்கூட்டலை ஆர்க்காடு என்றும் சேலம் என்றும் தேற்றிக்கொண்டு, ஒரு கோயில் வாசலில் வந்து நின்று கண்ணீர் வடிக்கின்றனர். உறவினர் கிடைப்பார், கிடைக்காமலும் போவார். ஊர் கிடைத்ததே போதும் என்று ஒரு பிடி மண்ணை முடிந்துகொண்டு செல்வாரும் உளர்.

நிற்க. அந்நாட்டிலே பெயர் நிலைத்த இருவரைப் பற்றி இனிக் கூறுவோம். ஒருவர் சாமி நாகப்பன்; மற்றவர் வள்ளியம்மை.

நாகப்பன் பதினெட்டு வயது இளைஞர். டிரான்சுவாலில் இந்தியரை இழிவு செய்த பதிவுச் சட்டத்தை எதிர்த்துக் காந்தியடிகள் நடத்திய அறப்போரில் சேர்ந்து, 1909 ஜூன் 21 ஆம் நாள் தண்டிக்கப்பட்டார். அபராதம் செலுத்தியிருந்தால் வீடு திரும்பியிருக்கலாம். அவர் சிறையையே ஏற்றார். ஜூன் மாதம் அந்நாட்டில் கடுங்குளிர்க் காலம். அக்குளிரில் சாலை போடும் வேலைக்கு அனுப்பப்பட்டார். பத்து நாள் தண்டனை முடிந்து 30 ஆம் நாள் வெளிவந்தபோது இரு நுரையீரல்களும் சளிக்காய்ச்சலால் பழுதுற்றிருந்தன. ஜூலை 6 ஆம் நாள் உயிர் நீத்தார்.

வள்ளியம்மை யோகான்னசுபர்க்கில் பிறந்த பெண். தந்தையார் முனுசாமி முதலியார். தாயார் மங்களம் அம்மையார், தஞ்சைத் தரணியில் தரங்கம்பாடியை அடுத்த தில்லையாடியைச் சார்ந்தவர். கிறித்தவ முறையில் நடவாத திருமணங்கள் செல்லா என்று 1913 மார்ச்சில் ஒரு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஒப்பந்தம் முடிந்த கூலிகள்மேல் ஆண்டுக்கு மூன்று பவுன் தலைவரியும் இருந்தது. இவ்விரண்டையும் எதிர்த்துப் பெண்கள் கிளர்ந்தனர். தாயும் மகளும் ஒருசேரப் புறப்பட்டனர். மூன்று திங்கள் கடுங்காவல் பெற்ற வள்ளியம்மை கொடிய காய்ச்சலோடு வெளிவந்து, 1914 பிப்ரவரி 22 ஆம் நாள் மறைந்தார். அப்போது அவர்க்கு வயது பதினாறு. நோய்ப்படுக்கையில் கண்டு, சிறை சென்றதற்காக வருந்துகின்றாயோ என்று காந்தியடிகள் வினவியபோது, மீண்டும் பிடித்தாலும் செல்வேன் என்றும், தாய்நாட்டுக்காக உயிர் விடுவது உவப்பானதே என்றும் அப்பெண் விடையிறுத்ததை அடிகளே எழுதிவைத்துள்ளார். அவ்வாண்டிலேயே தலைவரி நீங்கிற்று. நம்மவர் திருமணங்களும் சட்டத்தின் ஏற்பைப் பெற்றன.

இவ்விடத்தில் வங்கத்துக்கும் இவ்வரலாற்றுக்கும் உள்ள தொடர்பைச் சொல்லாது செல்லலாகாது. குருதேவர் இரவீந்திரரின் வாழ்த்தோடு சாந்திநிகேதனத் தொடர்புடைய ஆண்ட்ரூசும் பியர்சனும் 1914 சனவரித் தொடக்கத்தில் டர்பனில் இறங்கிச் சமரசப் பேச்சுக்குத் துணை நின்றனர். காந்தியடிகளின் பீனிக்சுப் பண்ணை மாணவர்கள் இந்தியா வந்தபோது அவர்க்கு இடமளித்ததும் சாந்திநிகேதனமே. நம் பெண்ணொருத்தி கடலுக்கப்பால் உயிர்விட்ட போராட்டத்தின் கிளைகளுள் ஒன்று, நாம் இன்று வாழும் இம்மண்ணிலே நிழல் பெற்றது.

நாகப்பனும் வள்ளியம்மையும் யோகான்னசுபர்க்கின் பிராம்பாண்டெயின் இடுகாட்டில் அடக்கம் செய்யப்பெற்றனர். தென்னாப்பிரிக்காவை விட்டு நீங்குதற்கு மூன்று நாள் முன்னர், 1914 ஜூலை 15 ஆம் நாள், காந்தியடிகளே அங்குச் சென்று இருவர்க்கும் நினைவுக் கற்களைத் திறந்துவைத்தார். அத்துணைப் பெருமை பெற்ற கற்களும் காலத்தை வெல்லவில்லை. நிறவெறி ஆட்சியின் நெடிய ஆண்டுகளிலே அவ்விடுகாடு பேணுவாரற்றுக் கிடந்தது, கற்களும் சிதைந்தன. அந்நாடு விடுதலை பெற்றபின் 1997 ஏப்ரலில்தான் புதிய நினைவுக் கற்கள் அமைக்கப்பெற்று, விடுதலை வீரர் வால்டர் சிசுலு அவற்றைத் திறந்துவைத்தார். இடையிற் கழிந்தவை எண்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகள்! அடிகள் கைதொட்ட கல்லுக்கே இந்நிலை என்றால், தோட்டத்து ஓரத்தில் குச்சி நட்டுப் புதைத்தவர்தம் நிலையை என்னென்பது?

ஆயினும் வள்ளியம்மை பெயர் மறையவில்லை. அதற்குக் காரணம் கல் மட்டுமன்று, தாயின் ஊர். 1915 மே மாதத் தொடக்கத்தில் காந்தியடிகள் தில்லையாடிக்கே வந்து அவ்வூர் மண்ணை வணங்கிச் சென்றார். இன்று அங்கு நினைவு மண்டபம் உண்டு. 2008 ஆம் ஆண்டில் அஞ்சல்தலையும் வெளியாயிற்று. சென்னை எழும்பூரில் கோ-ஆப்டெக்சு நிறுவனத்தின் மாளிகை அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. தில்லையாடியைக் கண்ணாலும் கண்டறியாத பெண், தில்லையாடி வள்ளியம்மை என்றே வரலாற்றில் நிற்கின்றார். அந்த ஊர்ப்பெயரை அத்தாய் மகளுக்குச் சொல்லாதிருந்தால், நமக்கு அவர் எங்கோ மறைந்த ஒரு மூட்லி குடும்பத்துப் பெண்ணாகவே போயிருப்பார் அன்றோ?

இன்னொரு செய்தியும் கேளுங்கள். இரண்டாம் உலகப் போரில் சப்பானியர் சயாமின் பான்பாங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் நீள இருப்புப் பாதையை 1942 ஜூன் முதல் 1943 அக்டோபருக்குள் காட்டைக் கிழித்து அமைத்தனர். மலேயாவின் ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் பல்லாயிரவர் அங்கு வாந்திபேதியாலும் பசியாலும் மாண்டனர். அதே பாதையில் மாண்ட வெள்ளைப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 7,000 பேர்க்குக் காஞ்சனபுரியில் அழகிய கல்லறைத் தோட்டம் உண்டு. பெயர் தெரிந்தவர் ஒவ்வொருவர்க்கும் பெயரும் படைப்பிரிவும் பொறித்த பலகை உண்டு. தமிழ்க் கூலிகளுக்கோ காட்டுக் குழிகளே கிடைத்தன. பதிவேடு வைக்காத காரணத்தால் நேட்டாலிற்போல் தேடவும் வழியில்லை. மலேசியத் தமிழர் பலர் சோர்வின்றி முயன்றதன் பயனாக, 2023 ஆம் ஆண்டில் காஞ்சனபுரியின் புத்தப் பள்ளி ஒன்றில் அவர்கள் நினைவாக நடுகல் நிறுத்தப்பெற்றது. கல் உண்டு, ஆனால் தனித்தனிப் பெயர்கள் இல்லை. எழுதாதவற்றை இனி எக்கல்லாலும் எழுத இயலாது.

அன்பர்களே, இவற்றையெல்லாம் யாம் உங்கள்பால் ஏன் உரைத்தோம்? நாம் ஒப்பந்தக் கூலிகளாக இங்கு வந்தோம் அல்லேம். அலுவலகப் பணிக்கும் வாணிகத்துக்கும் மெயில் வண்டியேறி ஹவுராவில் வந்திறங்கியவர் வழியினர். ஊருக்குப் போகவும் வரவும் நமக்குத் தடை எதுவும் இருந்ததில்லை. அதனாலேயே நாம் அயர்ந்துவிட்டோம். இங்கு மறைந்த நம் பெரியவர்களை கியோராத்தலாவில் எரியூட்டி, எலும்பை ஆற்றில் கரைத்துவிடுகின்றோம். கல் நடும் வழக்கம் நம்முள் பெரும்பாலார்க்கு இல்லை. அடக்கம் செய்யும் வழக்கமுடைய நம் கிறித்தவ உடன்பிறப்புகளின் கல்லறைகளிலும், பிள்ளைகள் வேற்றூர் சென்றபின் எழுத்து மங்கி வருகின்றது. முதலில் வந்த பாட்டனார் எந்த ஆண்டில் வந்தார், எந்தத் தெருவில் குடியிருந்தார், அவரோடு வந்து இரண்டாம் பிள்ளைப்பேற்றில் மறைந்த முதல் மனைவியின் பெயர் என்ன, இவற்றை அறிந்தவர் ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவரோ இருவரோதான் இன்று இருக்கின்றனர். அவர்களும் நெடுநாள் இரார்.

ஆதலின் யாம் வேண்டுவது சிறியதொரு செயல். இவ்விழா முடிந்து இல்லம் சென்றதும், வீட்டின் மூத்தவரை அருகிலமர்த்தி ஒரு குறிப்பேட்டில் எழுதுங்கள். தந்தை வழியிலும் தாய் வழியிலும் நினைவுள்ள பெயர்கள் அனைத்தையும் எழுதுங்கள். பெண்களின் பெயர்களை விடாது எழுதுங்கள். அவையே முதலில் மறைவன. ஊர், வட்டம், குலதெய்வம், கோயில் இருக்கும் இடம், வந்த ஆண்டு, மறைந்த நாள், எரித்த இடம் அல்லது புதைத்த இடம், இவற்றை எழுதுங்கள். பிள்ளையின்றி மறைந்தவர்களையும் இளமையில் மறைந்த குழந்தைகளையும் சேருங்கள். அவர்களை நினைக்க நம்மையன்றி வேறு யாரும் இலர். ஒரு படியை நம் சங்க நூலகத்தில் கொடுத்துவையுங்கள். வரும் ஆண்டு விழாவில் அக்குறிப்பேடுகள் இம்மேடையில் அடுக்கி வைக்கப்பெறுமாயின், அதுவே நாம் நட்ட நடுகல்லாகும்.

நாளை ஏரிக்கரையில் உலவும்போது, "தேஷேர் பாடி கொத்தாய்?" என்று எவரேனும் நம் பேரனைக் கேட்டால், அவன் நிமிர்ந்து நின்று ஊரின் பெயரையும், அதனோடு தன் முன்னோரின் பெயரையும் சொல்லட்டும். அது கேட்டால், கல்லின்றிக் கிடக்கும் நம்மவர் எல்லோரும் ஆறுதல் எய்துவர்.