விலைவாசியும் தலைவிதியும்

(நெமிலிச்சேரியில் கூடிய பொதுக்கூட்டத்தில் பேசியதன் சாரம்)



இன்று நாம் கடவுளை விட்டுவிட்டுக் கடனைப் பற்றிப் பேச வந்திருக்கிறோம். நாம் காலேஜில் பொருளாதாரம் படித்துப் பட்டம் பெற்றவர்களல்ல. ஆனாலும் மளிகைக் கடைச் சிட்டையையும் அடகுக்கடை ரசீதையும் படிக்கத் தெரிந்தவனுக்கு இதில் விளங்காத சூட்சுமம் ஒன்றுமில்லை என்பதே நமது அபிப்பிராயம்.

விலை ஏறினால் நம் ஜனங்கள் "கலிகாலம்" என்கிறார்கள். பஞ்சாங்கக்காரர் சித்திரை முதல் தேதியில் தானியம் இவ்வளவு ஏறும், எண்ணெய் இவ்வளவு ஏறும் என்று வாசித்துவிட்டுத் தட்சணையோடு போய்விடுகிறார். படித்த கனவான்களோ "உலக மார்க்கெட்" என்று சொல்லிவிட்டுக் கையை விரிக்கிறார்கள். இரண்டு பதிலுக்கும் வேலை ஒன்றுதான். கேட்கிறவனை மேற்கொண்டு கேட்கவிடாமல் செய்வது.

உலக மார்க்கெட்டையே பார்ப்போம். 2020 ஏப்ரலில் கொரோனாவினால் உலகமெல்லாம் வண்டி நின்றுபோய், கச்சா எண்ணெய் பீப்பாய் 20 டாலருக்கும் கீழே விழுந்தது. உலக மார்க்கெட் ஏறினால் நமக்கு ஏறுவது நியாயமென்றால், இறங்கினால் நமக்கும் இறங்க வேண்டுமல்லவா? நடந்தது என்ன? அந்த வருஷம் மார்ச்சில் மத்திய சர்க்கார் லிட்டருக்கு 3 ரூபாய் கலால் வரியைக் கூட்டிற்று. மே மாதத்தில் பெட்ரோலுக்கு 10 ரூபாயும் டீசலுக்கு 13 ரூபாயும் மறுபடி கூட்டிற்று. பெட்ரோல் மீது 19 ரூபாய் 98 காசாயிருந்த வரி 32 ரூபாய் 98 காசாயிற்று. இறக்கம் நம் வீட்டு வாசலுக்கு வருமுன் கஜானாவுக்குள் போய்விட்டது. பிறகு மார்க்கெட் ஏறியபோது அந்த ஏற்றம் மட்டும் தவறாமல் நம்மிடம் வந்து, 2021 ஜூலையில் சென்னையில் பெட்ரோல் 100 ரூபாயைத் தாண்டிற்று.

இதற்குள்ளே இன்னொரு சாமர்த்தியமும் உண்டு. அந்த 32 ரூபாய் 98 காசில் மாகாணங்களுக்குப் பங்கு கொடுக்க வேண்டிய அடிப்படை வரி 2 ரூபாய் 98 காசு மாத்திரமே. பாக்கி 30 ரூபாயும் தனி வரி, சாலை வரி என்று பெயரிட்டு டில்லியே வைத்துக்கொள்வது. நம் மாகாண சர்க்காரும் பெட்ரோலில் வரி வாங்காமலில்லை. 2021 ஆகஸ்டில் லிட்டருக்கு 3 ரூபாய் குறைத்தார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறோம்.

"சர்க்காருக்கு வருமானம் வேண்டாமா, கொரோனாச் செலவை யார் தாங்குவது?" என்று கேட்கிறார்கள். வேண்டியதுதான். ஆனால் 2019 செப்டம்பரில் கம்பெனிகளின் வருமான வரியை 30 வீதத்திலிருந்து 22 வீதத்துக்கு இறக்கி, அதனால் வருஷத்துக்கு 1.45 லட்சம் கோடி ரூபாய் குறையும் என்று கணக்குச் சொன்னவர்களும் அவர்களே. அங்கே விட்ட பணத்தை எங்கே பிடிப்பது? இந்த ஊர் வழியே போகும் வெளிவட்டச் சாலையில் ஓடும் ஒவ்வொரு லாரியும் டீசல் வரியைத் தாங்கிக்கொண்டுதான் போகிறது. அதிலிருக்கும் வெங்காயத்தை வாங்குகிறவனிடத்தில் அந்த வரி இறங்குகிறது. கோடீஸ்வரனுக்கும் கூலிக்காரனுக்கும் ஒரே வரி! சமத்துவம் இந்த ஒரு இடத்தில் மட்டும் நம் நாட்டில் வெகு ஒழுங்காக நடக்கிறது.

நிற்க, 2022 இல் உக்ரெய்ன் யுத்தம் வந்தது. ஏப்ரலில் நம் நாட்டுப் பணவீக்கம் 7.79 வீதம். அதாவது முன் வருஷம் 100 ரூபாய்க்கு வாங்கியதற்கு 107 ரூபாய் 79 காசு. மே மாதத்தில் கலால் வரியைக் கொஞ்சம் குறைத்த பிறகும் சென்னையில் பெட்ரோல் 102 ரூபாய் 63 காசு. அப்போது ரிசர்வ் பாங்கி வட்டியைக் கையிலெடுத்தது. 4 வீதமாயிருந்த ரெப்போ வட்டி 2023 பிப்ரவரிக்குள் 6.50 ஆயிற்று. இதை நிர்ணயிப்பது நவக்கிரகமல்ல, ஆறு பேர் கொண்ட கமிட்டி. மூவர் பாங்கியைச் சேர்ந்தவர்கள், மூவர் சர்க்கார் நியமித்தவர்கள்.

வட்டியை ஏற்றினால் கடன் குறையும், வாங்குவது குறையும், விலை அடங்கும் என்பது அவர்கள் வாதம். ரூபாயின் மதிப்பும் ஒருவாறு காப்பாற்றப்படும். இதில் உண்மையில்லாமலில்லை. ஆனால் எண்ணெயினால் ஏறிய விலைக்கு வட்டி மருந்தென்றால், அந்த மருந்தைக் குடிக்கிறவன் யார்? ஆவடிப் பக்கம் 20 லட்சம் கடன் வாங்கி, 20 வருஷத் தவணையில் வீடு கட்டியவனுக்கு 6.7 வட்டியில் மாதம் சுமார் 15,150 ரூபாய், 9.2 ஆனால் சுமார் 18,250. அநேக பாங்கிகள் தவணையைக் கூட்டாமல் வருஷத்தைக் கூட்டிவிட்டன. பிள்ளை காலத்தில் தீரவேண்டியது பேரன் காலத்துக்குப் போகிறது. 2025 ஜூனில் ரெப்போவை 5.50 க்கு இறக்கினார்கள். இடையில் கட்டிய வட்டியை யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை.

ஐரோப்பாவிலும் இதே கதைதான். 2022 அக்டோபரில் யூரோ நாடுகளின் பணவீக்கம் 10.6 வீதம், அங்குள்ள மத்திய பாங்கியும் வட்டியை ஏற்றிற்று. ஆனால் ஜெர்மன் சர்க்கார் கூடவே கடன் வாங்கி, காஸ், மின்சாரச் செலவைத் தாங்க 20,000 கோடி யூரோ வரை ஒதுக்குவதாக அறிவித்தது.

நம் சட்டத்தில் ஒரு நல்ல விதி உண்டு. 2016 இல் செய்த திருத்தப்படி பணவீக்கம் 4 வீதத்தை ஒட்டியிருக்கவேண்டும். தொடர்ந்து ஒன்பது மாதம் 6 வீதத்துக்கு மேல் போனால் ரிசர்வ் பாங்கி சர்க்காருக்குக் காரணம் எழுத வேண்டும். 2022 இல் அப்படியே நேர்ந்தது. நவம்பர் 3 ஆம் தேதி கமிட்டி கூடிற்று, கடிதமும் போயிற்று. அதை வெளியிடச் சட்டத்தில் இடமில்லையென்று டிசம்பரில் பார்லிமெண்டில் பதில் வந்தது. ஒரு நாள் வேலைக்கு வராத கூலியாள் பத்துப் பேர் முன்னிலையில் காரணம் சொல்ல வேண்டியிருக்கிறது. ஒரு தேசத்தின் விலைவாசி தவறினதற்குக் காரணம் மட்டும் மூடின உறைக்குள்ளே போகிறது. கர்ப்பக்கிரகத்துக்குள் நாம் போகக்கூடாதென்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

கேட்காமலிருந்தால் எங்கே கொண்டுபோய் விடுமென்பதற்கு இலங்கையைப் பாருங்கள். 2019 டிசம்பரில் அங்கே விற்பனை மீதான வரியை 15 இலிருந்து 8 வீதத்துக்கு இறக்கினார்கள். வருமானம் வற்றிற்று, நோட்டு அச்சிட்டார்கள், டாலர் சுமார் 200 ரூபாயென்று 2022 மார்ச் வரை பிடித்து வைத்திருந்து, விட்டவுடன் சில வாரங்களில் 360 வரை போயிற்று. ஏப்ரல் 12 ஆம் தேதி வெளிநாட்டுக் கடனைக் கட்டமுடியாதென்று அறிவித்தார்கள். இரண்டு நாள் கழித்துப் பிறந்த புது வருஷத்தின் பெயர் சுபகிருது, அதாவது நன்மை செய்வது! அந்த நன்மையான வருஷத்தில்தான் பெட்ரோலுக்கு நாட்கணக்கில் வரிசை நின்றது. செப்டம்பரில் கொழும்பில் பணவீக்கம் 69.8 வீதம்.

அதில் அடிபட்டவர்களில் நம் ஜனங்களும் உண்டு. மார்ச் 22 ஆம் தேதியே 16 தமிழர்கள் பட்டினிக்குப் பயந்து படகேறி இராமேசுவரக் கரைக்கு வந்துவிட்டார்கள். மலையகத்தில் தேயிலை பறிக்கும் தாய்மார்களுக்கு 2021 இல் நாள் கூலி 1000 ரூபாயென்று நிர்ணயித்தார்கள். அன்று அது 5 டாலர். டாலர் 360 ஆனபோது 3 டாலர்கூட இல்லை. கூலி உத்தரவைத் திருத்த 2024 ஆயிற்று. வரியைக் குறைத்த பிரபுக்கள் யாரும் அந்த மூன்று வருஷம் கொழுந்துக் கூடை சுமக்கவில்லை.

நேரமாகிவிட்டது. நம் மாகாணத்துக் கடனையும் மின்சார போர்டின் நஷ்டத்தையும் பற்றிக் கேட்டு நண்பர்கள் சீட்டு அனுப்பியிருக்கிறார்கள். அது தனியே பேசவேண்டிய விஷயமாதலால், அடுத்த கூட்டத்துக்கு வருகிறவர்கள் தங்கள் வீட்டுக் கரண்டு ரசீதை, 2022 செப்டம்பர் உயர்வுக்கு முந்தியதொன்றும் பிந்தியதொன்றுமாக, கையோடு கொண்டுவரும்படி கேட்டுக்கொள்ளுகிறோம்.