ஆறு நாள் காசு

(2025 மே மாதம் கிளிநொச்சியில் நடந்த மலையக உறவுகள் ஒன்றுகூடலில் எமது சங்கத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை. வர முடியாமல் போன தோட்டத் தலைவர்களும் மாதர் அணியினரும் கேட்டதற்காக இங்கே தரப்படுகிறது.)



நேற்று இரவு ஹற்றனில் பஸ் ஏறினோம். வவுனியா தாண்டும்போது பொழுது விடிந்தது. ஜன்னலோரம் இருந்த பிள்ளைகள் ரோட்டின் இரண்டு பக்கமும் முகாம்களை எண்ணிக்கொண்டு வந்தார்கள். மாங்குளத்துக்குக் கிட்ட எண்ணிக்கை தவறிவிட்டது. அப்போது ஏழாம் வகுப்புப் பிள்ளை ஒன்று கேட்டது: "டீச்சர், இத்தனை பேருக்கும் யார் சாப்பாடு போடுறது?"

பஸ்ஸில் சிரித்துவிட்டு விட்டோம். ஆனால் அது சிரிக்கிற கேள்வியில்லை. அந்தக் கணக்கைத்தான் இன்றைக்கு உங்களோடு சேர்ந்து போட்டுப் பார்க்க வந்திருக்கிறோம்.

2025 பெப்ரவரி 17ஆம் திகதி ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க 2025ஆம் ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தைப் பாராளுமன்றத்தில் வாசித்தார். அந்த ஆண்டுக்குப் பாதுகாப்பு அமைச்சின் ஒதுக்கீடு 442 பில்லியன் ரூபாய். பொலிஸ் செலவு இதில் இல்லை, அது வேறு அமைச்சு. பில்லியன் என்றால் நமக்குப் பிடிபடாது. கோடியில் சொன்னால் 44,200 கோடி. அதுவும் பிடிபடாது. நாம் நாள் சம்பளக்காரர், ஆகவே நாள் கணக்காகவே பார்ப்போம். 365 நாளால் பிரித்தால் ஒரு நாளைக்கு 121 கோடி. ஞாயிறும் போயாவும் சேர்த்துத்தான். அவர்களுக்கு அரைப் பேர் கிடையாது.

அதே உரையில் நம்முடைய பெயரும் வந்தது. தோட்ட வீடமைப்புக்கும் உட்கட்டமைப்புக்கும் 426 கோடி சொச்சம். தொழிற்பயிற்சி, வாழ்வாதாரம் போன்றவற்றுக்கு 245 கோடி. தோட்டப் பாடசாலைகளில் ஸ்மார்ட் வகுப்பறை அமைக்க 86 கோடி சொச்சம். மொத்தம் 758 கோடி. நாள் சம்பளத்தை 1,700 ரூபாயாக்க நடவடிக்கை எடுப்பதாகவும் சொன்னார்கள். நாமும் கைதட்டினோம், இல்லையென்று சொல்லவில்லை. 2025 மே மாதத்திலும் செக்ரோலில் விழுந்தது 1,350தான், அதை வேறொரு நாள் பேசுவோம்.

இப்போது 758 கோடியை 121 கோடியால் பிரியுங்கள். ஆறு நாளும் கொஞ்ச நேரமும் வரும். அதாவது ஜனவரி முதலாம் திகதி முகாம்களில் அடுப்பு மூட்டினால், 7ஆம் திகதி காலைத் தேநீரோடு மலையகத்துக்கான ஒரு வருடக் காசு முடிந்துவிடும். அந்தத் தேநீரும் நாம் பறித்த கொழுந்துதான். ஸ்மார்ட் வகுப்பறைக் காசு ஒரு நாளுக்குக்கூடப் போதாது, 17 மணித்தியாலத்தில் சரி. லயத்தை விட்டு வெளியே வர ஒரு வீட்டுக்கு 30 இலட்சம் என்று வையுங்கள். ஒரு நாள் பாதுகாப்புச் செலவில் 400 வீடு எழும்பும். நாம் படிப்பிக்கிற பாடசாலையில் விஞ்ஞானப் பாடத்துக்கு ஆசிரியர் இல்லாமல் இரண்டு தவணை போனது. அந்தப் பிள்ளைகள் பரீட்சைக்குப் போன முகத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு வெறும் கணக்கில்லை.

இந்தக் கூட்டத்தில் இதைச் சொன்னவுடன் எல்லோருக்கும் கோபம் வருகிறது. பீரங்கியும் விமானமும் வாங்கித்தான் காசு போகிறது என்று நினைக்கிறோம். இந்த முறை அப்படியில்லை. 442 பில்லியனில் 382 பில்லியன் மீண்டுவரும் செலவு. நூறு ரூபாயில் 86 ரூபாய் சம்பளம், சாப்பாடு, உடுப்பு, எரிபொருள் என்று மாதா மாதம் கரைகிறது. அதில் ஆகப் பெரிய பங்கு ஆட்களுக்கு. 2023 ஜனவரியில் அரசாங்கமே எண்ணிக்கையை வெளியில் சொன்னது: இராணுவத்தில் மட்டும் 2 இலட்சத்து 783 பேர். அதை 1 இலட்சத்து 35 ஆயிரமாகவும், 2030க்குள் 1 இலட்சமாகவும் குறைக்கப் போவதாக அறிவித்தது. யுத்தம் முடிந்தது 2009 மே மாதம். குறைக்க வேண்டும் என்ற பேச்சு அரசின் வாயிலிருந்து வர 14 வருடம் பிடித்தது. அதுவும் நாடு கடனைக் கட்ட முடியாமல் கைவிரித்த பிறகு, காசு இல்லாதபடியால்.

ஏன் அவ்வளவு காலம்? இங்கேதான் நாம் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அந்த இரண்டு இலட்சம் பேரும் கொழும்பு ஏழில் பிறந்தவர்களா? மொனராகலையிலும் அநுராதபுரத்திலும் குடிசை வீட்டிலிருந்து வந்த பொடியன்கள். நெல்லுக்கு விலையில்லை, வேறு வேலையில்லை, சீருடை போட்டால் மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் உண்டு. சிங்கள ஏழை வீட்டுக்கு இந்த நாடு கொடுத்த மிகப் பெரிய வேலைத்திட்டம் இராணுவம்தான். அதைக் கலைத்தால் அந்த வீடுகளுக்கு என்ன கொடுப்பது என்று எந்த அரசாங்கத்திடமும் பதில் இல்லை. ஆகவே கலைக்கவில்லை, கொண்டுவந்து வன்னியில் வைத்திருக்கிறார்கள். தொழிற்சங்கக்காரர் நாம், இன்னொரு ஏழையின் பிள்ளையைத் திட்டி வரும் கைதட்டு நமக்கு வேண்டாம்.

ஆனால் வன்னியில் வைத்திருப்பதற்கு ஒரு விலை இருக்கிறது. அது வரவு செலவுத் திட்டத்தில் வராது. காணி. கேப்பாபுலவு சனம் 2017இல் ரோட்டோரம் குந்தியிருந்து போராடியதைப் பார்த்தோம். தங்கள் சொந்த வளவுக்குள் போவதற்கு. அதில் ஒரு பகுதியை விட இராணுவத்துக்கு மீள்குடியேற்ற அமைச்சு பணம் கட்ட வேண்டியிருந்தது. வீடில்லாதவனுக்கு வீடு கட்ட வைத்த காசு, முகாமை இடம் மாற்றப் போனது.

நம்முடைய சனத்துக்கு இது இன்னும் பழைய கதை. இங்கே முன் வரிசையில் இருக்கிற பெரியவர்கள் 58இலும் 77இலும் அடிபட்டு, லயத்தில் கிடந்ததை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தவர்கள். தருமபுரம், பாரதிபுரம், மலையாளபுரம் எல்லாம் நீங்கள் காடு வெட்டிய இடங்கள். வவுனியாவில் காந்தியம் அமைப்பு உங்களைக் குடியமர்த்தியது. அதை நடத்திய டாக்டர் இராஜசுந்தரத்தை 1983 ஜூலையில் வெலிக்கடைச் சிறைக்குள் கொன்றார்கள். டொலர் பாம், கென்ட் பாமில் இருந்த நம்மவர்களை 1984இல் விரட்டிவிட்டு, தண்டனைக் கைதிகளைக் குடும்பத்தோடு கொண்டுவந்து வைத்தார்கள். அதே வருடம் நவம்பரில் புலிகள் அவர்களை வெட்டியும் சுட்டும் கொன்றார்கள். விரட்டப்பட்டவன் தோட்டத் தொழிலாளி, செத்தவன் சிறைக்கைதி. பாதுகாப்பு என்ற பெயரில் எல்லைக்கு ஆள் வைத்தவர்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை.

இன்னொரு விசயத்தையும் ஒளிக்காமல் பேச வேண்டும். இங்கே இருக்கிற சில குடும்பங்களுக்குச் சிவில் பாதுகாப்புத் திணைக்களத்தில் வேலை. பண்ணையில் மிளகாய்க் கன்றுக்குத் தண்ணீர் விடுகிறீர்கள், முன்பள்ளியில் பிள்ளைகளுக்கு அ, ஆ சொல்லிக் கொடுக்கிறீர்கள். அதே ஊரில் அதே வேலை செய்கிற மற்ற முன்பள்ளி ஆசிரியைக்குக் கிடைப்பதைவிடப் பல மடங்கு சம்பளம். யாரும் கூச்சப்பட வேண்டாம், பிள்ளைக்குச் சோறு போடத்தான் போனீர்கள். ஆனால் கேட்க வேண்டிய கேள்வி இருக்கிறது. மிளகாய்த் தோட்டமும் முன்பள்ளியும் எப்படிப் பாதுகாப்புச் செலவானது? அந்தக் காசு விவசாயத் திணைக்களத்தின் வழியாக, மாகாணக் கல்வியின் வழியாக வந்தால் அதே வேலை, அதே சம்பளம், மேலே சீருடை மட்டும் இருக்காது. சம்பளத்தை வெட்டச் சொல்லவில்லை. சம்பளம் வரும் வாசலை மாற்றச் சொல்கிறோம்.

இராணுவத்தைக் குறைத்தால் நாடு அழிந்துவிடும் என்பார்கள். கொஸ்டரிக்கா என்று ஒரு சின்ன நாடு, நம்மைவிடச் சனம் குறைவு. அங்கேயும் உள்நாட்டு யுத்தம் நடந்தது. அது முடிந்த கையோடு 1948 டிசம்பர் 1ஆம் திகதி, அதன் தலைவர் பிகரெஸ் தலைநகரின் இராணுவக் கோட்டைச் சுவரில் சுத்தியலால் ஓங்கி அடித்து இராணுவத்தைக் கலைத்தார். அந்தக் கோட்டை இன்றைக்குத் தேசிய நூதனசாலை. 1948 என்றதும் உங்களுக்கு வேறொன்று ஞாபகம் வந்திருக்கும். அதற்கு இரண்டு கிழமைக்கு முன்னர்தான், நவம்பர் 15ஆம் திகதி, நம்மை நாடற்றவர்களாக்கிய பிரஜாவுரிமைச் சட்டம் இங்கே அமுலுக்கு வந்தது. ஒரு சின்ன நாடு படையை எடுத்துவிட்ட மாதத்தில், இன்னொரு சின்ன நாடு தன் தொழிலாளியை எடுத்துவிட்டிருந்தது. நமக்கும் கொஸ்டரிக்காவுக்கும் எல்லாம் ஒன்றில்லை, முழுவதும் கலையுங்கள் என்று நாம் இன்று கேட்கவுமில்லை.

நாம் கேட்பது அரசாங்கம் தானே சொன்னதை. 2030க்குள் ஒரு இலட்சம் என்றால், வருடா வருடம் எத்தனை பேர் குறைகிறார்கள், மிச்சப்படும் காசு எங்கே போகிறது என்று பாராளுமன்றத்தில் சொல்ல வேண்டும். விலகி வரும் சிப்பாய்க்குத் தொழிற்பயிற்சி வேண்டும். அதற்கு ஒதுக்கும்போது நமது பிள்ளைகளுக்கும் ஒதுக்க வேண்டும். வன்னியில் முகாமுக்குள் இருக்கிற குடியிருப்புக் காணிக்குத் திகதி குறிக்க வேண்டும். வருட முடிவில் அடுத்த வரவு செலவுத் திட்டம் வரும். பாதுகாப்பு அமைச்சின் குழுநிலை விவாதத்தன்று நமது வாக்கு வாங்கிய மலையக, வன்னி உறுப்பினர்கள் எல்லோரும் இந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும். அவர்களுக்குக் கொடுக்கும் மகஜரில் இப்போதே கையெழுத்துச் சேர்க்கிறோம்.

மேசையில் இரண்டு படிவம் இருக்கிறது. வெள்ளை, மகஜர். மஞ்சள், காணி விபரம். அனுமதிப்பத்திரம் இருந்தால் அதன் இலக்கம், இல்லாவிட்டால் எந்த வருடம் காடு வெட்டினீர்கள், பக்கத்து வளவுக்காரர் யார் என்று எழுதினால் போதும். எழுத முடியாத பெரியவர்களுக்கு நம்மோடு வந்த உயர்தர வகுப்புப் பிள்ளைகள் எழுதித் தருவார்கள். பஸ் நாலு மணிக்குத்தான் வெளிக்கிடும். அவசரப்படாமல் எழுதுங்கள்.