மழை நாளும் மலர்ந்த முகமும்

ஈப்போ நகரில் வாகனம் நிறுத்த இடம் கிடைக்காவிடினும், வங்கியில் வரிசை நகராவிடினும் இன்று நம் முகம் வாடிவிடுகிறது. நம் முன்னோரோ ஒரு மழைக்கு அன்றைய கூலியையே இழந்தவர்கள். ரப்பர் மரத்தில் பால் நன்கு சுரப்பது விடியற்காலையில். வெயில் ஏற ஏற மரத்தினுள் அழுத்தம் குறைந்து ஒழுக்கு மெலியும். மழையில் பட்டை நனைந்திருந்தாலோ, பால் வெட்டுக் கோட்டின் வழியே மங்கில் விழாமல் மரமெங்கும் வழிந்து வீணாகும். அன்று வெட்டு இல்லை. வேறு வேலை கிடைத்தாலன்றிக் கூலியும் இல்லை. சுங்கை சிப்புட், கோலகங்சார் வட்டாரத் தோட்டங்களில் வாழ்ந்தோர் இதனை நன்கறிவர். மாதம் முழுதும் வெட்டு உண்டென்று கணக்கிட்டவர் ஏமாந்தார். மழை போக மிஞ்சுவதே மாதம் என்று எண்ணியவருக்கு, வானம் வெளுத்த ஒவ்வொரு காலையும் வரவாயிற்று.

உரோமாபுரியில் அடிமையாய் இருந்து மெய்யறிஞரான எபிக்டெட்டஸ், பொதுக் குளியற்கூடத்திற்குச் செல்பவன் அங்கே நீர் தெறிப்போரும் இடிப்போரும் திருடுவோரும் இருப்பர் என்று நினைந்தே புறப்படுக என்றார். தோட்டத்துப் பொதுக் குழாயடியைக் கண்டவர்களுக்கு இதற்கு விளக்கவுரை வேண்டா! அமெரிக்க உளவியல் அறிஞர் வில்லியம் ஜேம்ஸ் 1890-இல் இதனைக் கணக்காகவே எழுதினார். பெற்ற வெற்றியை எதிர்பார்ப்பால் வகுத்தால் வரும் ஈவே தன்மதிப்பு என்பது அவர் கணக்கு. வகுக்கும் எண் சிறுத்தால் ஈவு பெருகும்.

ஆயினும் ஓர் ஐயம் எழுகிறது. மழையிடம் எதிர்பார்ப்பைக் குறைக்கலாம், முதலாளியிடமும் குறைத்துக்கொள்வதா? "கிடைத்தது போதும்" என்னும் அறிவுரையைப் பெரும்பாலும் நிறையக் கிடைத்தவர்களே வழங்குவதை நாம் கண்டிருக்கிறோம். தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்ட காலத்தில், சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் அவர்கள் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். அதில் பங்கு வாங்கியோர், மழைக்குப் பழகிப்போன அதே தொழிலாளர்கள்தாம். மழையைப் பொறுத்தவர்கள், குடியிருந்த மண் கைமாறுவதைப் பொறுக்கவில்லை. சிறுகச் சேர்த்த பணத்தால் தோட்டங்களையே விலைக்கு வாங்கினார்கள்.

தைப்பூசத்தன்று புந்தோங்கிலிருந்து காவடிகளோடு கல்லுமலைக்கு நடந்து வருவோர், வெயிலும் நெரிசலும் அன்னதான வரிசையும் உண்டென்று முன்னரே எண்ணி வாருங்கள், முகம் வாடாது. பிள்ளையின் வகுப்பிற்கு ஆசிரியர் வரவில்லை என்று கேட்கச் செல்லும் நாளில் மட்டும் அந்தப் பொறுமையை வீட்டிலேயே விட்டுச் செல்லுங்கள்.